டிரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்று

நகரத்தின் மேற்குப் பக்கம், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், ஒரு மொட்டை மாடி கஃபே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை அங்கே டெக்னோ என்கிற மெஷின் ஆட்ட இசை போடுவார்கள். மதியத்தில் டெக்னோவா என்று சிரிக்க வேண்டாம். திங்கள் காலை எட்டரைக்கு ஆபீஸ் கேப் வாசலில் வந்து நிற்கும். ஹைதராபாத்தில் ஆடுகிறவர்கள் எல்லாம் அந்தக் கேபில் ஏறுகிறவர்கள்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு, முதல் ஒரு மணி நேரத்தை, புதியவர் ஒருவருக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். நிறையப் பேர் கேட்டார்கள். கடைசியில் இரண்டு பேரை ஒரே நாளில் அடுத்தடுத்து வாசிக்கவிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அதில் ஒருத்தி நான்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் நான் வாசித்தது ஊரின் வடக்கோரம், போலாரத்தில் எங்கள் வீட்டில், என் அறையில். ஒரு பீரோ, ஒரு கட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மடக்கு மேஜை. என் பாட்டுக்கு அங்கே ஆடியது சீலிங் ஃபேன் மட்டும்தான். "மிக்ஸி ஓடுத மாதிரி இருக்கு," என்பது அம்மாவின் விமர்சனம். அப்பா அந்த அளவுக்குக்கூடப் பேச மாட்டார், வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார். பகலில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் சம்பள வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும், எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டி.ஜே. வேலையில் என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டு விஷயங்கள். ஒன்று, அடியைச் சேர்ப்பது. ஒரு பாட்டு ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பாட்டு என் ஹெட்போனில் மட்டும் ஓடும். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேகம் ஒன்றானாலும் போதாது, ஒன்று கொஞ்சம் முந்தும், இன்னொன்று பின்னால் இழுக்கும். அப்போது இரண்டு டிரம்மும் சேர்ந்து குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்கும். மெஷினில் சுழலும் தட்டின் ஓரத்தை விரலால் ஒரு மயிரிழை தள்ளினால் குதிரை நின்றுவிடும். இரண்டு அடி ஒரே அடியாகிவிடும். முதல் தடவை அது எனக்குச் சரியாக அமைந்தபோது ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். அத்தனை சுத்தமாக ஒன்று இன்னொன்றுக்குள் போய்விட்டிருந்தது. இதை மெஷினே செய்துகொடுக்கிற பட்டன் ஒன்று உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. கர்வம்தான்.

இரண்டாவது, சுருதியைச் சேர்ப்பது. டெக்னோவில் பாட்டே இல்லையே, சுருதி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அடியில் பேஸ் என்கிற கனத்த சத்தம் முனகிக்கொண்டே இருக்கும், மேலே சின்த் என்கிற மின்சார ஒலி ஒன்று திரும்பத் திரும்ப நாலு ஸ்வரத்தைச் சுற்றிவரும். அதற்கு ஒரு சுருதி உண்டு. ஒத்துப்போகிற சுருதியில் இருக்கிற இரண்டு பாட்டை இரண்டு நிமிஷம் சேர்த்து ஓடவிட்டால் மூன்றாவதாக ஒரு பாட்டு பிறக்கும், அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒத்துப்போகாததைச் சேர்த்தால் பல் கூசும். எது எதோடு ஒத்துப்போகும் என்பதற்கு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறோம். சுருதிகள் எல்லாவற்றையும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வட்டமாக அடுக்கியிருப்பார்கள். எட்டு மணிப் பாட்டுக்கு எட்டு, இல்லையென்றால் பக்கத்திலுள்ள ஏழு அல்லது ஒன்பது. தைரியமாகச் சேர்க்கலாம். தள்ளிப் போகப்போக ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இந்தக் கடிகாரத்தில் பக்கத்தில் இருக்காது. ஒரே ஒரு கட்டை இறங்கினால் கடிகாரத்தில் ஐந்து மணி தள்ளிப் போய்விடும். எட்டு மணி ஒரு மணியாகிவிடும்.

பாட்டின் சுருதியைக் கண்டுபிடித்து எண் போட சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் டெக்னோவில் அது அடிக்கடி உளறும். டிரம்மின் அதிர்வைக் கேட்டுவிட்டு அதுதான் சுருதி என்று எழுதிவிடும். டெஸ்டிங் வேலை பார்க்கிறவளுக்கு இது பொறுக்குமா? நூற்று நாற்பது பாட்டுக்கும் நானே எண் போடுவது என்று உட்கார்ந்தேன். அதற்கு அம்மாவின் கீபோர்டு.

அம்மா செகந்திராபாத்தில் எங்கள் தமிழ் சர்ச்சில் கொயர் நடத்துகிறாள். கொயர் என்றால் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். பாதிப் பேருடைய கணவன்மார் ராணுவக் கணக்குத் துறையிலோ மத்திய அரசு ஆபீஸிலோ இருந்து ரிட்டயர் ஆனவர்கள். வியாழக்கிழமை எங்கள் ஹாலில் பிராக்டிஸ். அதற்காக வீட்டில் ஒரு கீபோர்டு கிடக்கிறது. அதன் சின்னத் திரை செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சத்தம் வருகிறது, அது போதும் என்று விட்டுவிட்டோம். நான் ஆபீஸ் முடிந்து வந்து, ஒரு காதில் பாட்டை வைத்துக்கொண்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். பேஸோடு கலந்து காணாமல் போகிற கட்டை எதுவோ, அதுதான் அந்தப் பாட்டின் சுருதி. கடிகார எண்ணைப் பாட்டின் பெயருக்கு முன்னால் எழுதிவிடுவேன். மூன்று வாரம் இப்படி. எந்த வரிசையில் செய்தேன் என்று குறித்து வைக்கவில்லை, மனசுக்குத் தோன்றிய பாட்டை எடுத்துச் செய்தேன். முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகப் பென் டிரைவில் ஏற்றினேன்.

வாசித்துப் பார்த்தபோது சில ஜோடிகள் அமிர்தமாக இருந்தன, சில லேசாகக் கடித்தன. கடித்ததை என் கையின் குறை என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர், சத்தம் கூடினால் காலிங் பெல் அடிப்பார். அதனால் எல்லாமே சின்ன ஸ்பீக்கரில், பேஸைக் குறைத்து வைத்துக்கொண்டு. அந்த அளவில் அடிச்சுருதியின் சண்டை சரியாகக் கேட்காது. இதெல்லாம் இப்போது தெரிகிறது.

அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, நான் போகவில்லை. அம்மா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மானம் போச்சுட்டி இன்னைக்கு."

"என்னாச்சு?"

"ரெண்டாவது சரணத்துல மேல போக முடியாம எல்லாவளும் வாயை மூடிட்டாளுவ. நான் ஒருத்தி மட்டும் கத்திக்கிட்டு நிக்கேன். பாஸ்டர் திரும்பிப் பாக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வியாழக்கிழமை நல்லாத்தானம்மா பாடுனீங்க?"

"வீட்டுல வந்துச்சு. வீட்டுக் கீபோர்டுல நான் ஒண்ணு இறக்கில்லா வச்சிருக்கேன். சர்ச்சுக் கீபோர்டுல இறக்கணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. எனக்கே இல்ல. அங்க கீபோர்டு வாசிக்கவரு அவரு பாட்டுக்கு ஒரிஜினல்ல வாசிக்காரு, நாங்க அந்தரத்துல தொங்குதோம்."

வாயில் இருந்ததை விழுங்கினேன். "எதைம்மா இறக்கி வச்சிருக்க?"

"அந்த டிரான்ஸ்போஸ் பட்டனைத்தான். மைனஸ் ஒண்ணு."

அந்தப் பட்டனை அழுத்தினால், விரல் எப்போதும் வாசிக்கிற கட்டையையே வாசிக்கும், சத்தம் மட்டும் ஒரு கட்டை கீழே வரும். பாடுகிறவர்களுக்குத் தொண்டை எட்டாவிட்டால் வாசிக்கிறவர் புதிதாகக் கற்றுக்கொள்ளாமல் தப்பிக்க ஒரு வழி. கொயர் நடத்துகிற எல்லாருக்கும் தெரிந்த பட்டன். எங்கள் கீபோர்டில் ஒரு தடவை மாற்றினால், அணைத்துப் போட்டாலும் அப்படியே இருக்கும். திரை உயிரோடு இருந்திருந்தால் ஓரத்தில் மைனஸ் ஒன்று என்று காட்டியிருக்கும்.

"எப்போ இறக்கின?"

"எப்போன்னா?"

"எந்தத் தேதிலம்மா?"

"தேதியெல்லாம் யாரு எழுதி வச்சா? ஒரு பாட்டுக்கு இறக்குவேன், இன்னொண்ணுக்கு ஏத்திருவேன். ஒரு மாசமா அப்படித்தான் ஓடுது. ஏன், உனக்கு என்ன?"

எனக்கு என்ன என்று சொன்னேன். கட்டை, கடிகாரம், நூற்று நாற்பது பாட்டு, எல்லாவற்றையும் சோற்றுக் கையோடு சொன்னேன். அம்மா கவனமாகத்தான் கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்று முடித்தேன்.

"நீ பாடவா போற? உன் பாட்டுலதான் ராகமே கிடையாதே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "சரி, ஒண்ணுதானே இறங்கியிருக்கு. எல்லாத்தையும் ஒண்ணு மாத்திரு."

"எது இறங்குனது, எது இறங்காததுன்னு தெரியாதும்மா."

அவள் ஹாலுக்குப் போய், கீபோர்டின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதைக் கொண்டு போ. வண்டியில முன்னால வச்சுக்கலாம். அங்க போய் ஒவ்வொண்ணா பாத்துக்க." அவளைவிட நீளமாக இருந்தது அது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

மணி ஒன்றே கால். ஒன்றே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அறைக்குள் கீபோர்டைக் கிடத்தி, பட்டனை நேராக்கச் சொல்லி அம்மாவை நிற்க வைத்து, ஒவ்வொரு பாட்டாகப் பார்த்தேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு. நான்காவது சரி. ஐந்தாவது தப்பு. ஆறாவது சரியா தப்பா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பதற்றத்தில் எல்லாக் கட்டையும் பாட்டோடு கலப்பது மாதிரியே இருந்தது. "இதுதாம்ட்டி," என்று அம்மா ஒரு கட்டையை அழுத்தினாள். "இல்ல, இது," என்று இன்னொன்றை அழுத்தினாள். அப்பா வாசலில் ஹாரன் அடித்தார்.

பாரடைஸ் ஸ்டேஷன் வரை அப்பாவின் ஸ்கூட்டர். அங்கிருந்து மெட்ரோ. ஃபோனில் பியானோ ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன், காதில் இயர்ஃபோன். சரிபார்த்த பாட்டுகளின் உண்மையான எண்ணைப் பேனாவால் இடது கையில் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், பரீட்சைக்கு பிட் எழுதுகிறேன் என்று நினைத்திருப்பாள். பேகம்பேட் தாண்டுவதற்குள் மூன்று. அமீர்பேட்டில் கதவு திறந்ததும் முதுகுப்பையும் ஸ்பைரல் புக்குமாகக் கோச்சிங் கிளாஸ் கூட்டம் உள்ளே பாய்ந்தது, ஒரு முழங்கை என் ஃபோனைத் தட்டிவிட்டது. குனிந்து எடுத்து, எழுந்து நின்று, கம்பியில் சாய்ந்துகொண்டு இன்னும் இரண்டு. ரயிலுக்கே ஒரு சுருதி இருக்கிறது, அது தெரியுமா? வளைவில் ஏறுகிறது, ஸ்டேஷனில் இறங்குகிறது. அதற்கு நடுவில் பேஸைத் தேடுவது கலங்கிய தண்ணீரில் கம்மலைத் தேடுவது மாதிரி. நான் இறங்க வேண்டிய ராய்துர்க் வந்தபோது என் கையில் பத்துப் பாட்டு இருந்தது. ஆறு முன்பே சரியாக எழுதியவை, நாலு திருத்தியவை. மீதி நூற்று முப்பதும் பென் டிரைவில், ஒவ்வொன்றும் தன் பெயருக்கு முன்னால் ஒரு எண்ணை மாட்டிக்கொண்டு, எது பொய் என்று சொல்லாமல்.

எண்ணை எல்லாம் பார்க்காமலே வாசிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காது இருக்கிறதே. நானும் அதையேதான் லிஃப்டில் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் வாசித்தவன் டோலி சௌக்கி என்கிற பேட்டையைச் சேர்ந்தவன், என் வயதுதான். சிரித்த முகம். நான் தொடாத அந்தப் பட்டனைத்தான் அவன் எல்லாப் பாட்டுக்கும் அழுத்தினான். மெஷின் அடியைச் சேர்த்துக் கொடுத்தது, அவன் கையைத் தூக்கி ஆடினான். சுருதி எண் சாஃப்ட்வேர் போட்டது. முக்கால்வாசி சரியாக வந்தது. உளறிய இடங்களில் அவன் எதையாவது திருகி, ஒரு சத்தத்தை உண்டாக்கி, அதையே வேடிக்கையாக்கிவிட்டான். முன் மேஜையில் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து ஆடியது. நான் பக்கத்தில் நின்று என் கையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றியவன் என் முகத்தைப் பார்த்தான். "டென்ஷன் நக்கோ லே யார்," என்றான். டென்ஷன் வேண்டாமாம். "கைக்கு இத்னா சீரியஸ்? சண்டே ஹை." ஞாயிற்றுக்கிழமைதானே, எதற்கு இவ்வளவு சீரியஸ் என்று கேட்கிறான்.

இடப்பக்க ஸ்பீக்கருக்கு அருகில், கையைக் கட்டிக்கொண்டு, ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற அண்ணா நின்றிருந்தார். தெலுங்குக்காரர், நாற்பது இருக்கும், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தார். ஆரம்பி.

முதல் இரண்டு பாட்டும் கையில் எழுதியிருந்தவை. அடியைச் சேர்த்தேன், விரலால் ஒரே ஒரு தள்ளு, குதிரை நின்றது. பேஸை மெல்ல மாற்றினேன். இரண்டு நிமிஷம் சேர்ந்து ஓடியது. அத்தனை பெரிய ஸ்பீக்கரில் நான் வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேஸ் காலில் ஏறி வயிற்றில் உட்கார்ந்தது. அண்ணா கையைக் கட்டியபடியே லேசாக முன்னும் பின்னும் அசைந்தார். ஐயோ, இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

கையில் எழுதிய மற்றவை எதுவும் அதோடு ஒத்துவராது, அதனால் மூன்றாவதாகப் பென் டிரைவிலிருந்து ஒரு எட்டு மணிப் பாட்டு. என் எழுத்துப்படி எட்டு. ஓடிக்கொண்டிருந்ததும் எட்டு. ஹெட்போனில் ஒட்டிப் பார்த்தேன், சரி மாதிரித்தான் இருந்தது. ஆனால் பக்கத்திலேயே அவ்வளவு பெரிய சத்தம் அதிரும்போது ஹெட்போனில் பேஸ் எங்கே கேட்கிறது? மேலே இருக்கிற சலசலப்புதான் கேட்கிறது. நம்பி உள்ளே விட்டேன். பேஸைத் திறந்ததும் கடித்தது. வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் லேசாகப் பல் கூசிய அதே விஷயம், இங்கே ஆஸ்பத்திரி மெஷினுக்குள் படுத்த மாதிரி உடம்பெல்லாம் கரகரத்தது. பிறந்தநாள் மேஜையில் ஒரு பெண் கேக்கை வாயருகே பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். உடனே பழையதை மூடிப் புதியதை மட்டும் ஓடவிட்டேன். அண்ணாவின் அசைவு நின்றுவிட்டது.

சரி, பொய்யான எட்டு என்றால் உண்மையில் ஒன்று. அப்படியானால் ஒன்று, இரண்டு, பன்னிரண்டு என்று எழுதிய பாட்டு எதையாவது எடுக்கலாம். ஆனால் அந்த ஒன்றும் பொய்யாக இருந்தால்? அதன் உண்மை ஆறு. ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு ஆறு நிமிஷம்தான், அதில் இரண்டு போய்விட்டது. ஒரு பாட்டை ஹெட்போனில் ஏற்றி, வேகத்தைச் சரிசெய்து, சுருதியைக் கேட்டுப் பார்த்து, வேண்டாம் என்று இறக்க ஒரு நிமிஷம். இன்னொன்று, இன்னொரு நிமிஷம். மூன்றாவதை ஏற்றும்போது ஓடுகிற பாட்டு முடியும் இடத்துக்கு வந்து, ஒவ்வொரு சத்தமாகக் கழன்றுகொண்டிருந்தது. பிறகு எண்ணாவது காதாவது. எது கையில் இருக்கிறதோ அதற்குள் குதிக்க வேண்டியதுதான்.

இப்படியே நாற்பது நிமிஷம் போனது. நான் ஒரு தந்திரம் செய்தேன், அதைத் தந்திரம் என்று சொல்லலாமா தெரியவில்லை. பாட்டுகளின் ஆரம்பத்திலும் முடிவிலும் வெறும் டிரம் மட்டும் ஓடுகிற பகுதி இருக்கும். அங்கே சுருதி இல்லை, சண்டையும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் சேர்த்தேன், பேஸ் வருமுன் பிரித்தேன். அடி ஒரு இடத்திலும் பிசகவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு என்னிடம் மிச்சம் இருந்தது அது மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு அடி ஒரே அடியானது. ஆனால் பாட்டும் பாட்டும் சேரவே இல்லை. வரிசையில் நிற்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இடம் மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்று போய் ஒன்று வந்தது. பிறந்தநாள்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சர்வர் பில் கொண்டுவந்தான்.

கடைசி பதினைந்து நிமிஷத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படியே முடித்தால் இடம் போனது போனதுதான். கையில் எழுதியதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டு பாக்கி இருந்தன, அவற்றைச் சேர்த்தேன். நீளமாக, பயமில்லாமல், பேஸ், சின்த் எல்லாவற்றையும் திறந்துவிட்டு. யாரும் எழுதாத அந்த மூன்றாவது பாட்டு பிறந்தது. உட்கார்ந்தவர்களில் நாலு பேர் எழுந்தார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணா மறுபடி அசைந்தார், இந்தத் தடவை தோளும் சேர்ந்து.

அங்கிருந்து எங்கே போவது? கையில் எழுதியதில் இதோடு சேர்வது இனி ஒன்றும் இல்லை. ஓடுகிற பாட்டின் உண்மை எண் ஐந்து, அது எனக்குத் தெரியும். அடுத்ததற்கு ஐந்து என்று எழுதிய பாட்டுகள் ஒன்பது இருந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். ஹெட்போனில் சரி மாதிரி இருந்தது; எல்லாம் சரி மாதிரித்தான் இருக்கும். திரையில் அதன் பெயருக்கு முன்னால் ஐந்து என்று நான் போட்ட எண் அமைதியாக நின்றது. நானே போட்டதை நானே நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று ஒரு கணம் தோன்றியது. திறந்தேன்.

கண்ணை மூடியிருந்தவன் கண்ணைத் திறந்தான்.

அடி அவ்வளவு சரியாகச் சேர்ந்திருந்ததால் கடி ஒழுங்காக, தாளத்தோடு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு தடவை விழுந்தது. பிசகியிருந்தால் கூட அவசரக் குழப்பம் என்று மன்னித்திருப்பார்கள். நான் பேஸை வெட்டினேன், பழையதற்குத் திரும்பினேன், அதற்குள் அது முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. புதியதை மட்டும் ஓடவிட்டேன். தனியாகக் கேட்டால் அருமையான பாட்டு. அதோடு என் ஒரு மணி நேரம் முடிந்தது.

அண்ணா என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். வழக்கமாக வாசிக்கிறவர் அதற்குள் மேடையேறிவிட்டார், அதனால் காதருகில் குனிந்து தெலுங்கில் பேசினார். "கை ரொம்ப நல்லா இருக்கும்மா. அந்தப் பையனுக்கு அதில் பாதி வராது. அடி ஒரு இடத்திலும் விடவில்லை. ஆனால் காது..." தன் காதைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். "காது இன்னும் வரணும். எது எதோடு சேரும்னு உனக்குக் கேட்கல. அது சொல்லிக்கொடுத்து வர்றதில்ல. அவனுக்கே கொடுத்துடறேன், தப்பா எடுத்துக்காதே."

எனக்குக் கேட்டது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் கேட்டது, உங்களுக்கு முன்னால் எனக்குத்தான் கேட்டது. "அண்ணா, அது வந்து, எங்க அம்மா சர்ச்சுல கொயர்..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே கேட்டது. கீபோர்டு, செத்துப் போன திரை, ஐம்பது வயதுப் பெண்களின் தொண்டை, அறுப்பின் பண்டிகை. டெஸ்டிங் வேலை பார்க்கிறவள், உபயோகிக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்காதவள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இல்ல அண்ணா. நல்லா இருக்காங்க."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. தேங்க்ஸ் அண்ணா."

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன். "என்னாலயா?" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அவள் அந்த நொடியை எண்ணிவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை கொயர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இன்னொருவர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நூற்று நாற்பது பாட்டையும் மறுபடி முதலிலிருந்து பார்த்து எண் போட்டேன். இரண்டு வாரம் ஆனது. அதற்கு இப்போது எந்த அவசரமும் இல்லை, அதனால் நிதானமாகச் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த மாடிக்குப் போனேன். போகக் கூடாது என்று நினைத்து நினைத்தே போனேன். டோலி சௌக்கிக்காரன் வாசித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துக் கையாட்டினான். கூட்டம் நன்றாகவே இருந்தது. நாலாவது பாட்டுக்கு அவன் பட்டனை அழுத்தி அடுத்ததை உள்ளே விட்டான், பேஸைத் திறந்தான், எனக்குப் பல் கூசியது. அவன் விடவில்லை. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், இரண்டும் சேர்ந்தே ஓடின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடுகிறவர்கள் ஆடினார்கள். ஸ்பீக்கருக்கு அருகில் அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தோளோடு சேர்ந்து அசைந்தார்.

அது கடித்ததா? எனக்குக் கடித்தது. ஆனால் அங்கே இருந்த அத்தனை பேரிலும் எனக்கு மட்டும் கடித்தது, காது வரவில்லை என்று சொல்லப்பட்டவளுக்கு. ஃபோனில் அந்தப் பியானோ ஆப் இன்னும் இருந்தது. எடுத்துக் காதில் வைத்து, ஒரு கட்டையை அழுத்தினேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்ததை அழுத்தினேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண் என் தோளில் இடித்துவிட்டு, "ஸாரி ஸாரி, செமையா இருக்குல்ல?" என்றாள், தமிழில். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவளாக இருக்கும்.

"ஆமா," என்றேன்.